அழுத்தினால் அமுங்கும், அவ்வளவுதானா?

மலை சைக்கிளின் முன் ஷாக், கடையில் கண்ணைப் பறிக்கிறது. பொம்மசந்திராவின் சாலையில் அது என்ன வேலை செய்கிறது என்பது வேறு கதை.

சைக்கிள் கடைக்குள் நுழையும் பையன் முதலில் செய்வது இதுதான். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரத்தை ஹேண்டில்பார் மேல் போட்டு ஒரே அழுத்து. ஷாக் 'புஸ்' என்று இறங்கி 'டக்' என்று எழும்பும். பையன் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பான். பேரம் அந்த இடத்திலேயே பாதி முடிந்துவிட்டது. மீதி, அப்பாவின் சட்டைப்பையைப் பொறுத்தது.

பெங்களூரின் தெற்கு முனையில், ஓசூர் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் வருவது பொம்மசந்திரா. ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்த இந்தத் தொழிற்பேட்டையில் மருந்துக் கம்பெனியிலிருந்து இயந்திர உதிரி பாகப் பட்டறை வரை எல்லாம் உண்டு. இதய அறுவை சிகிச்சைக்குப் பெயர்போன நாராயணா மருத்துவ வளாகமும் இங்கேதான். தமிழக எல்லை கூப்பிடு தூரம் என்பதால், டீக்கடையில் கன்னடத்துக்கு இணையாகத் தமிழும் கேட்கும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி வாசல்களில் சைக்கிள்களும் தென்படும். கறுப்பு நிறப் பழைய சைக்கிள் சில. அகல டயரும் நேரான ஹேண்டில்பாரும் முன்னால் தடித்த இரட்டைக் குழாயும் கொண்ட 'எம்டிபி' பல. மலை ஏறுவதற்கென்று உருவான சைக்கிள், மலையே இல்லாத இடத்தில் பஞ்ச்-இன் நேரத்தைப் பிடிக்க ஓடுகிறது.

அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. மலை இல்லாவிட்டால் என்ன, குழி இருக்கிறது. கன்டெய்னர் லாரிகள் மிதித்து மிதித்துச் சாலையின் ஓரம் உடைந்து போயிருக்கும். சைக்கிள்காரருக்கு எஞ்சுவது அந்த ஓரம்தான். போதாக்குறைக்கு வேகத்தடைகள். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் இதற்கென்று ஒரு வரையறையே வைத்திருக்கிறது: பொதுவான வளைவு மேடு என்றால் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அதாவது வண்டி மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். தெருவாசிகளே ஒரு ராத்திரியில் சிமென்ட் குழைத்துப் போடும் மேட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. செங்குத்தாக எழும்பும், அதே வேகத்தில் விழும். அந்த அடி நேராக மணிக்கட்டுக்குப் போகும். எனவே ஷாக் வேண்டும் என்ற ஆசையில் நியாயம் இருக்கிறது. கேள்வி, கிடைப்பது ஷாக்தானா என்பது.

சஸ்பென்ஷன் ஃபோர்க் என்பதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, அடியை வாங்கிக்கொள்வது. இதை ஸ்பிரிங் செய்கிறது; விலை உயர்ந்த ஃபோர்க்கில் காற்று செய்கிறது. இரண்டாவது, வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்காமல் அடக்குவது. இதற்குத்தான் எண்ணெய். குழாய்க்குள் எண்ணெய் சின்னஞ்சிறு துவாரங்கள் வழியாகப் பிதுங்கிச் செல்லும்போது, எழும்ப நினைக்கும் ஸ்பிரிங்குக்குக் கடிவாளம் விழுகிறது. அடியின் சக்தி சூடாக மாறிக் கரைந்துவிடுகிறது. மோட்டார் சைக்கிளில் இந்தத் தத்துவம் பழசு. 1935-லேயே பிஎம்டபிள்யூ எண்ணெய் அடக்கும் டெலஸ்கோப் ஃபோர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. முதல் வேலை மட்டும் நடந்து இரண்டாவது நடக்காவிட்டால் மிஞ்சுவது, குழந்தைகள் குதித்து விளையாடும் ஸ்பிரிங் கட்டில்தான்.

மலிவு சைக்கிள்களில் வருவது பெரும்பாலும் அந்த ரகம். இரும்புக் குழாய், அதற்குள் ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் கிரீஸ். எண்ணெயும் இல்லை, துவாரமும் இல்லை. கடையில் அழுத்தும்போது 'டக்' என்று எழும்பியதே, அதுதான் அடையாளம். பையன் மயங்கிய அந்தத் துள்ளல், உண்மையில் குறை. நல்ல ஃபோர்க் வேகமாக இறங்கி, நிதானமாக எழும்பும். சத்தமே வராது. இதைக் கடையில் சொல்வதற்கு ஆள் கிடையாது. சொன்னால் வியாபாரம் நடக்காது.

சைக்கிளுக்கு ஷாக் வந்த கதை நீளமானதல்ல. 1970-களில் கலிஃபோர்னியாவின் டமால்பாய்ஸ் மலைச் சரிவில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் இறங்கிப் பந்தயம் நடத்தினார்கள். பின் சக்கர பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகிவிடும். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். அப்போது யாரிடமும் ஷாக் இல்லை. மோட்டோகிராஸ் மெக்கானிக்காக இருந்த பால் டர்னர், ஸ்டீவ் சைமன்ஸுடன் சேர்ந்து 1989-ல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களின் முதல் ஃபோர்க் ஆர்எஸ்-1 அமுங்கிய தூரம் 48 மில்லிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் அதற்குள் காற்றும் எண்ணெயும் இருந்தன. 1990-ல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில், மலையிறக்கப் பிரிவில் கிரெக் ஹெர்போல்ட் ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குடன் முதலிடம் பிடித்தார். எடை கூடுதல், தேவையற்ற ஆடம்பரம் என்று முணுமுணுத்தவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் வரிசையில் நின்றார்கள். பந்தயக்காரர்கள் வாங்கியது சொகுசுக்காக அல்ல. குண்டும் குழியுமான சரிவில் டயர் தரையை விட்டு எழும்பினால் பிரேக்கும் பிடிக்காது, ஹேண்டிலும் திரும்பாது. சக்கரத்தைத் தரையோடு ஒட்டி வைக்கத்தான் ஷாக். கைக்குக் கிடைக்கும் சுகம் உபரி.

இந்தியாவுக்கு வந்தபோது இந்த வரிசை தலைகீழானது. 1990-களில் லூதியானாவும் அம்பத்தூரும் எம்டிபி என்ற பெயரில் அகல டயர் சைக்கிள்களைச் சந்தைக்கு அனுப்பின. அதற்குப் பிறகு ஷாக் ஓர் அந்தஸ்துச் சின்னமாகவே வந்து சேர்ந்தது. அரசு தரும் இலவச சைக்கிளோடு ஒப்பிட்டால் புரியும். தமிழகத்தில் 2000-களின் தொடக்கத்திலிருந்தும், கர்நாடகத்தில் 2006-07-லிருந்தும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்ட சைக்கிளில் ஷாக் இல்லை. கேரியரும் கூடையும் இருந்தன. மெயின்ரோடுக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் சைக்கிளில் கேரியரும் இல்லை, கூடையும் இல்லை, ஷாக் இருந்தது. 14 வயதில் எது வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

எடைக்கணக்கு இங்கேதான் வருகிறது. ஸ்பிரிங் வைத்த மலிவு ஃபோர்க் ஒன்று ஏறக்குறைய இரண்டரை கிலோ. ஷாக் இல்லாத சாதாரண இரும்பு ஃபோர்க் ஒரு கிலோ சொச்சம். முழு சைக்கிளும் 15 கிலோவைத் தாண்டிவிடும். 45 கிலோ எடையுள்ள பையன், தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைக் காலால் இழுத்துக்கொண்டு போகிறான்.

அந்த எடையைச் சுமந்ததற்காவது ஷாக் வேலை செய்கிறதா? உள்ளே இருக்கும் ஸ்பிரிங், நடுத்தர உடல்வாகு கொண்ட ஒரு பெரியவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. மெலிந்த தொழிலாளியோ பள்ளி மாணவனோ ஏறினால் அது அசைந்து கொடுக்காது. கடையில் நின்றபடி, மொத்தப் பாரத்தையும் கையில் போட்டு அழுத்தினால் அமுங்கியது உண்மைதான். ஆனால் சீட்டில் உட்கார்ந்து ஓட்டும்போது உடம்பின் பெரும்பகுதி பின் சக்கரத்தின் மேல்தான் விழுகிறது. முன்னால் போவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குக் கெட்டியான ஸ்பிரிங் மசியாது.

காற்று ஃபோர்க்கில் இந்தத் தொல்லை குறைவு. ஓட்டுபவரின் எடைக்கு எவ்வளவு காற்று என்று ஃபோர்க்கின் காலிலோ கையேட்டிலோ பட்டியல் இருக்கும். அதற்கென்று உள்ள சிறு பம்பால் அடித்துக்கொள்ளலாம். 50 கிலோக்காரரும் 90 கிலோக்காரரும் ஒரே ஃபோர்க்கைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். விலைதான் தடை. நல்ல காற்று ஃபோர்க் ஒன்றின் விலையில் இரண்டு சாதாரண சைக்கிள்கள் வாங்கிவிடலாம். ஸ்பிரிங் ஃபோர்க்கின் தலையில் ஒரு குமிழ் இருக்குமே, அதைத் திருகினால் ஷாக் கெட்டியாகும் என்பது பரவலான நம்பிக்கை. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். அது அமுங்கத் தொடங்கும் இடம் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போகும். சில சைக்கிள்களில் அந்தக் குமிழ் வெறும் பிளாஸ்டிக் மூடி. திருகிக்கொண்டே இருக்கலாம், மனதுக்கு ஆறுதல்.

உண்மையான மலை சைக்கிள்காரர்கள் பெங்களூரில் இல்லாமல் இல்லை. நகரின் தென்மேற்கே, கனகபுரா சாலைப் பக்கம் உள்ள துரஹள்ளிக் காடு நெடுங்காலம் அவர்களின் பயிற்சிக்களமாக இருந்தது. 2021 தொடக்கத்தில் அங்கே பூங்கா அமைக்க வனத்துறை முனைந்தபோது எதிர்த்து நின்றவர்களில் சைக்கிள்காரர்களும் உண்டு. கருங்கல் பாறையும் வேர்களும் நிறைந்த அத்தகைய பாதையில் ஒரு நல்ல ஃபோர்க்கின் அருமை பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். இரும்பு ஃபோர்க்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கும் இடத்தில், இதில் பிரேக்கைப் பிடித்தபடியே திரும்பலாம். அதே ஆட்கள் தார்ச்சாலையில் தொலைதூரம் போகும்போது ஷாக்கைத் தொடுவதில்லை. 2008 முதல் நடக்கும் டூர் ஆஃப் நீலகிரீஸ் பயணத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மலைச்சாலையில் ஏறி இறங்குபவர்களில் பெரும்பாலோர் ஓட்டுவது ஷாக் இல்லாத சைக்கிள். காரணம் எளிது. எழுந்து நின்று மிதிக்கும்போது, காலில் கொடுக்கும் பலத்தில் ஒரு பங்கை ஷாக் தின்றுவிடும். ஒவ்வொரு மிதிக்கும் முன்பக்கம் தலையாட்டும். இதைத் தடுக்கத்தான் 'லாக்-அவுட்' என்ற பூட்டு. ஏற்றத்தில் பூட்டி இறக்கத்தில் திறக்க வேண்டும். பூட்டியபடியே குழியில் இறக்கினால் மலிவு ஃபோர்க்கில் உள்ளே இருக்கும் பூட்டே உடைந்துபோகலாம்.

அப்படியானால் ஷாக் இல்லாத அந்தக் காலத்தில் முதுகெலும்புகள் என்ன ஆயின? பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய கறுப்பு சைக்கிளைக் கொஞ்சம் நின்று பார்த்தால் பதில் கிடைக்கும். சீட்டுக்கு அடியில் இரண்டு தடித்த சுருள் ஸ்பிரிங்குகள். ஃபோர்க்கின் கால்கள் நேராக இறங்காமல் நுனியில் முன்னோக்கி வளைந்திருக்கும்; அந்த வளைவே சற்று நெகிழும். 28 அங்குலச் சக்கரம், சிறிய குழியில் விழாமல் தாண்டிவிடும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே தூரம் அதிகம். அதனால் குலுக்கல் குறைவு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்ற புதுக்கோட்டைப் பெண்கள், குழந்தையை முன்னாலும் குடத்தைப் பின்னாலும் வைத்துக்கொண்டு மண் பாதையில் போனார்கள். ஷாக் என்ற சொல்லே அந்தச் சைக்கிளில் கிடையாது. அதன் எடையும் லேசானதல்ல என்பது வாஸ்தவம். ஆனால் அந்த எடையில் ஒவ்வொரு கிலோவும் ஏதோ ஒரு வேலை செய்தது.

புது சைக்கிளில் இதற்கு ஈடான ஒன்று ஏற்கனவே இருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. டயர். இரண்டு அங்குல அகலமுள்ள டயருக்குள் இருக்கும் காற்று, அந்த இரும்பு ஸ்பிரிங்கைவிட மென்மையான ஷாக். பஞ்சர் கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, கல்லு மாதிரி ஆகும்வரை அடித்துக் கொடுப்பதுதான் வழக்கம். இறுக்கமாக இருந்தால்தான் நல்ல காற்று என்ற எண்ணம். டயரின் பக்கவாட்டில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். மெலிந்த ஆள், குறைந்தபட்ச எண்ணுக்குச் சற்று மேலே வைத்து ஓட்டினால் அதே சாலை வேறு சாலையாகிவிடும். அதற்கும் கீழே போகக் கூடாது. குழியில் ரிம் தரைதட்டி, ட்யூபில் பாம்பு கடித்தது போல் இரண்டு ஓட்டை விழும். செலவு என்று பார்த்தால் காற்று இறக்குவதற்கு யாரும் காசு கேட்பதில்லை.

மரத்துப்போகும் விரல்களின் கதையும் இதில் சேர்ந்தது. வெகுநேரம் ஓட்டுபவர்களுக்குச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போவது பழைய புகார். உள்ளங்கையின் ஓரத்தில் போகும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துவதுதான் காரணம். சாலையின் அதிர்வு அதைக் கூட்டும். ஷாக் வாங்கினால் சரியாகிவிடும் என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு. நேரான ஹேண்டில்பாரில் கையை மாற்றி வைக்க இடமில்லை என்பதும், சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் மொத்தப் பாரமும் உள்ளங்கைக்கு வருகிறது என்பதும் யாரும் சொல்லாத விஷயங்கள். ஒரு ஸ்பானர், ஐந்து நிமிடம். பல நேரங்களில் அதுவே போதும்.

பராமரிப்பு என்ற பேச்சு வரும்போதுதான் ஷாக்கின் சாயம் வெளுக்கிறது. தரமான ஃபோர்க்குகளைச் செய்யும் நிறுவனங்கள், ஏறக்குறைய 50 மணி நேரம் ஓட்டியதும் கீழ்க்குழாயைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றச் சொல்கின்றன. தினமும் ஒரு மணி நேரம் ஓட்டும் தொழிலாளிக்கு அது இரண்டு மாதம். யார் செய்வார்கள்? பொம்மசந்திராவுக்கு மழை இரண்டு பருவத்திலும் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் கொட்டும். கூரையில்லாத ஸ்டாண்டில் எட்டு மணி நேரம் நனைந்த சைக்கிளில், பளபளத்த உள் குழாய் முதலில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். துரு, ரப்பர் சீலைக் கிழிக்கும். கிழிந்த சீல் வழியே தொழிற்பேட்டையின் தூசியும் தண்ணீரும் உள்ளே போகும். பிறகு ஒருநாள் அமுங்கியது எழும்பாது, அல்லது அமுங்கவே அமுங்காது. மோட்டார் பைக் கழுவும் இடத்தில் விட்டு, பம்பு வைத்துத் தண்ணீர் பீய்ச்சுபவர்கள் அந்த நாளைச் சீக்கிரமே வரவழைக்கிறார்கள். ஓட்டி முடித்ததும் உள் குழாயை ஒரு துணியால் துடைத்தால் ஆயுள் கூடும். அதைச் செய்பவர்களின் ஃபோர்க்கைப் பார்த்தாலே தெரியும்.

கெட்டுப்போன பிறகு மாற்றுவது இன்னொரு சிக்கல். மலிவு ஃபோர்க்குக்குத் தனி சீலோ ஸ்பிரிங்கோ கடையில் தேடினால் கிடைப்பது அரிது. முழுசாகத்தான் மாற்ற வேண்டும். அப்போது 'கொஞ்சம் பெரிய ஷாக்காகப் போட்டுவிடலாம்' என்று ஆசை பிறக்கும். இங்கே கவனம் தேவை. சக்கரத்தின் அச்சிலிருந்து ஃபோர்க்கின் தலைவரை உள்ள நீளம், பழைய ஃபோர்க்கின் நீளத்தோடு ஒத்துப்போக வேண்டும். நீளம் கூடினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஹேண்டில் மந்தமாகும். குழியில் விழும் ஒவ்வொரு முறையும் ஃப்ரேமின் கழுத்து வெல்டிங்கில் கூடுதல் பாரம் விழும். அது முன்னறிவிப்பு இல்லாமல் விட்டுப்போகக் கூடிய இடம். ஃபோர்க் விஷயத்தில் விபத்து என்பது கற்பனை அல்ல. அமெரிக்காவில் 2000-களின் தொடக்கத்தில், பெரிய அங்காடிகளில் விற்ற மலிவு சைக்கிள்களின் ஷாக்குகள் ஓடும்போதே பிரிந்து ஆட்கள் காயப்பட்டதால், அரசு அமைப்பின் அறிவிப்போடு அவை திரும்பப் பெறப்பட்டன. பின் சக்கரம் மக்கர் செய்தால் நின்றுவிடலாம். முன் ஃபோர்க் விட்டால், முகம்தான் முதலில் தரையைத் தொடும். உள் குழாய் ஆடுகிறதா என்று பார்க்க வழி சுலபம்: முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால் 'கடக் கடக்' என்று தட்டும். ஹேண்டிலின் பால்ரஸ் தளர்ந்தாலும் இதே சத்தம் வரும் என்பதால், அதை முதலில் முறுக்கிவிட்டுச் சோதிக்க வேண்டும்.

2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது. அந்த மிச்சத்தை எதில் போடுவது என்பதில் அனுபவஸ்தர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. காட்டுப்பாதையில் இறங்குபவர் என்றால் எண்ணெயும் காற்றும் உள்ள ஃபோர்க். அதற்குக் கீழே எதையும் பார்க்க வேண்டாம். வீட்டிலிருந்து கம்பெனிக்கும் பள்ளிக்கும் போகிறவர் என்றால் ஷாக் இல்லாத ஃபோர்க், அகல டயர், நல்ல பிரேக், ஒரு கேரியர். இந்த இரண்டாவது ரகத்தைக் கேட்டால் விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார். 'பையன் ஒத்துக்க மாட்டான் சார்' என்பார். அவர் சொல்வதும் பொய்யல்ல.

ஷாக் வைத்ததை ஏற்கனவே வாங்கியாகிவிட்டது என்றால், அது உயிரோடு இருக்கிறதா என்று அறிய எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் டை ஒன்று போதும். உள் குழாயைச் சுற்றி அதை லேசாக மாட்டி, கீழே சீல்வரை இறக்கிவிட வேண்டும். ஒருவர் பிடித்துக்கொள்ள, சீட்டில் ஆடாமல் உட்கார்ந்து இறங்கினால் டை மேலே ஏறி நிற்கும். மொத்தம் அமுங்கும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருந்தால் ஸ்பிரிங் ஆளுக்குப் பொருத்தம். பிறகு ஒருநாள் முழுக்க வழக்கமான சாலையில் ஓட்டிவிட்டு மறுபடி பார்க்கலாம். டை வைத்த இடத்திலேயே இருந்தால், அது இரண்டரை கிலோ அலங்காரம்.

2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர் மெட்ரோ பாதை திறக்கப்பட்டது. கடைசி நிறுத்தத்தில் இறங்கி கம்பெனிவரை மிதிப்பவர்களுக்கும், வீட்டிலிருந்து ஸ்டேஷன்வரை மிதிப்பவர்களுக்கும் சைக்கிள் மறுபடி தேவைப்படுகிறது. மடிக்கும் சைக்கிள் என்றால் ரயிலில் ஏற்றலாம். ஷாக் வைத்த எம்டிபி மடியாது. சாயங்காலம்வரை வெளியேதான் நிற்க வேண்டும், மழையில்.